சத்தம் வராத லேப்டாப்

போன மாதம் என் அண்ணன் மகன் புது லேப்டாப் வாங்கி வந்தான். பெட்டியைப் பிரித்தான், மூடியைத் திறந்தான், அவ்வளவுதான். அதுவே விழித்துக்கொண்டு அவன் பெயரைக் கேட்டது, வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டது, மிச்ச வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. நான் பக்கத்தில் காபி டம்ளருடன் உட்கார்ந்திருந்தேன். "அத்தை, நீங்க சர்வீஸ் இன்ஜினியரா இருந்தீங்களே, அம்புட்டு வருசமா என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், அவன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுத்தேன், கீபோர்டைக் கவிழ்த்து முறுக்குத்தூளைத் தட்டினேன், விண்டோஸ் ஏற்ற ஃபிளாப்பி ஃபிளாப்பியாக மாற்றி மாற்றிப் போட்டேன். வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டினால் என்னையும் என் பையையும் பார்த்துவிட்டு, "இன்ஜினியர் பின்னாடி வாராராம்மா?" என்பார்கள். "வந்துட்டாரு, வழிய விடுங்க" என்று உள்ளே போய்விடுவேன். பழகிப்போயிற்று.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் பிச்சைமணி சார். ஒல்லியான மனிதர், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். ஒரு வீட்டுக்குப் போனால் மெஷின் பக்கமே போகமாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். அதை நிதானமாகக் குடிப்பார். நான் பையைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். தண்ணீரைக் குடித்து முடித்து, "சொல்லுங்க, இது வீட்டுக்கு வந்த அன்னைக்கி என்ன நடந்துச்சு?" என்று ஆரம்பிப்பார். அவர்களும் யாரோடு போய் வாங்கினோம், வழியில் எங்கே இறங்கிக் காபி குடித்தோம் என்பது வரை சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்பார். எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருக்கும்.

ஒருமுறை கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில், விண்டோஸ் போடப் போட பாதியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கிக்கொண்டே இருந்தது. நான் சிடியை மாற்றினேன், மெமரியை மாற்றினேன், கடைசியில் டிஸ்க்கையே மாற்றினேன். சார் வந்தார், தண்ணீர் குடித்தார், கணக்குப்பிள்ளையோடு ஊர்க்கதை பேசினார். பேச்சுவாக்கில் அந்தக் கணக்குப்பிள்ளை, பெரிய மோட்டாரைப் போடும்போதெல்லாம் தன் தலைக்கு மேலே இருக்கும் டியூப்லைட்டும் கண்ணடிக்கிறது என்றார். சார் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், திட்டவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு விண்டோஸ் போட்டோம், ஒரே மூச்சில் ஏறியது. திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவரை முறைத்துக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தார்.

இனி அந்த செல்லூர் லேப்டாப்புக்கு வருகிறேன்.

விண்டோஸில் விஸ்டா என்ற புது வகை வந்த சமயம். கடைகளில் விண்டோஸே இல்லாத லேப்டாப்புகளும் விற்றன. வாங்கியவர்கள் பலர் தங்களுக்குப் பழகிய பழைய விண்டோஸான எக்ஸ்பியைத்தான் போடச் சொல்வார்கள். புது லேப்டாப்புக்கோ எக்ஸ்பி என்றால் ஆகாது. மாமியார் மருமகள் கதைதான். ஒரு சனிக்கிழமை காலையில் அப்படி ஒரு வேலைக்குச் செல்லூருக்குப் போனேன். சந்துக்குள் சந்து, இரண்டு பக்கமும் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் எதிரே வருகிறவரிடம் வழி கேட்டால் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் பெயர் ஜனார்த்தனன், இருபத்தைந்து வயதிருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டின் பின்பக்கத்தில் அவர்கள் தறி இரண்டு, முன்னறையில் ஒரு மேஜை, மேஜையில் புது லேப்டாப். அவர் அதன் மூடியைத் தடவிக்கொண்டே, "வாங்க மேடம், உக்காருங்க" என்று எனக்கு இரண்டடி தள்ளி இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னபோதுதான் அவருக்குப் பார்வை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சின்ன வயதுக் காய்ச்சலில் போனதாம்.

விஷயத்தைச் சுருக்கமாகவே சொன்னார். கல்லூரி லேபில், திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஒரு சாஃப்ட்வேரை வைத்துக் கம்ப்யூட்டர் பழகியிருக்கிறார். அவரிடம் இருந்த சிடி எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். கப்பலூரில் ரப்பர் சாமான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சின்ன ஃபேக்டரியில் மெயில் பார்க்கவும் பதில் எழுதவும் ஆள் வேண்டும் என்றிருக்கிறார்கள். இவர் போய்க் கேட்டிருக்கிறார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் நம்பவில்லை. "கண்ணு தெரியாம மெயில எப்படிப்பா படிப்ப? உன் மெஷினத் தூக்கிட்டுத் திங்கக்கிழமை வா. எங்கண்ணு முன்னாடி செஞ்சு காட்டு, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"வேற எடத்துலயும் கேட்டுப் பாத்தேன் மேடம். 'பாக்கலாம்'னு சொல்லி அனுப்பிருவாங்க. இவரு ஒருத்தருதான் செஞ்சு காட்டுன்னாச்சும் சொன்னாரு" என்றார்.

அவருடைய அம்மா சரோஜா அக்கா கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். "காபியா மோரான்னு கேக்குறாங்க" என்றார் ஜனார்த்தனன். காபி என்றேன். வேலை ஆரம்பித்தது.

ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார். திரையில் என்ன வந்தாலும் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். "விண்டோஸ் போடுறப்ப மட்டும் அந்த சாஃப்ட்வேர் பேசாது மேடம். அந்த நேரத்துல உள்ள என்னதான் நடக்குதுன்னு எனக்கு இது வரைக்கும் யாரும் சொன்னதில்ல." சரி என்றேன். எக்ஸ்பி சிடியைப் போட்டேன். சற்று நேரம் ஓடியது, பிறகு திரை முழுக்க நீலமாகி நின்றுவிட்டது.

"என்ன மேடம் பேச்சக் காணோம்?"

"நீலமா நிக்கிது தம்பி."

"நீலம்னா நல்லதா கெட்டதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எக்ஸ்பி ஒழுங்காக ஏறும்போது வரும் திரையும் நீலம்தான், படுத்துவிட்டால் வரும் திரையும் நீலம்தான். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. "ரெண்டும் உண்டு. இது கெட்டது" என்றேன்.

அந்தக் காலத்துப் புது லேப்டாப்புகளில் இது சகஜம். எக்ஸ்பி சிடி தயாரான காலத்தில் புது லேப்டாப்புகளில் வரும் ஹார்ட் டிஸ்க் இணைப்பு அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. அதனால் டிஸ்க் உள்ளேயே இருந்தும் எக்ஸ்பிக்கு அது தெரியாது. டிஸ்க்கை அதற்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற சின்ன சாஃப்ட்வேரை ஃபிளாப்பியில் கொடு என்று கேட்கும். லேப்டாப்பிலோ ஃபிளாப்பி போட இடமே கிடையாது. மாட்டுவண்டியில் ஸ்டெப்னி கேட்கிற மாதிரிதான். இதற்கு ஒரு வழி இருந்தது. மெஷினைப் போட்டதும் வரும் செட்டிங்கில் நுழைந்து, டிஸ்க்கைப் பழைய முறையில் காட்டும்படி மாற்றிவிட வேண்டும். இந்த மாடலில் அது எந்த மெனுவில் ஒளிந்திருந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டாவது காபியும் வந்துவிட்டது.

மாற்றியதும் எக்ஸ்பிக்கு டிஸ்க் தெரிந்தது. அடுத்து ஒப்பந்தத் திரை வந்தது. சம்மதம் என்றால் எஃப்8 அமுக்கு என்று கேட்கும். நாங்கள் யாரும் அதில் ஒரு வரி படித்ததில்லை, கை பழக்கத்திலேயே எஃப்8க்குப் போய்விடும். ஜனார்த்தனன், "இருங்க மேடம், என்ன போட்டிருக்கான்னு வாசிங்க" என்றார். வாசித்தேன். பக்கம் பக்கமாகப் போகிறது. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மேலே வாசிக்க முடியாமல் நிறுத்தினேன். "இதுக்கா எல்லாரும் சம்மதம்னு அமுக்குறீங்க?" என்று கேட்டார். "ஆமா தம்பி, ஊரே அமுக்குது" என்றேன். "சரி, அப்ப நானும் அமுக்குறேன்" என்று என் விரலைத் தொட்டு எஃப்8 எங்கே என்று பார்த்து அவரே அமுக்கினார்.

மத்தியானத்துக்குள் எக்ஸ்பி ஏறிவிட்டது. ஆனால் சவுண்டு வரவில்லை. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். படம் தெரிகிறதா, நெட் வருகிறதா, பாட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இவருக்கோ சவுண்டு இல்லாத லேப்டாப் வெறும் பலகை. கூட வந்த டிரைவர் சிடி விஸ்டாவுக்கானது, எக்ஸ்பிக்கு அது உதவாது. சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, தேவையானதெல்லாம் பென் டிரைவில் இறக்கினேன். அந்த நெட் வேகத்தில் சாயங்காலமாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. விடுமுறைதான், ஆனாலும் போனேன்.

டிரைவர் போடுவதில் வரிசை முக்கியம். பிச்சைமணி சார் இதில் கறாரானவர். முதலில் மதர்போர்டுக்கு உள்ளது, அடுத்து சவுண்டு சிப்பை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் சின்ன அப்டேட், அதற்கப்புறம்தான் சவுண்டு டிரைவர். நடுவில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசியைப் போட்டால் ஏறாது. வரிசை தவறாமல் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ரீஸ்டார்ட். டிரைவர் இல்லாததைக் காட்டும் மஞ்சள் கேள்விக்குறிகள் எல்லாம் திரையில் இருந்து மறைந்தன. கீழே மூலையில் ஸ்பீக்கர் படம் வந்தது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. தறிச் சத்தத்தில்தான் கேட்கவில்லையோ என்று லேப்டாப்பின் மேல் காதை வைத்துக்கொண்டு படுக்காத குறையாகக் கேட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அப்போதெல்லாம் மின்வெட்டு தினப்படி உண்டு. சந்து முழுக்கத் தறி நின்று, எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். திரையில் சவுண்டு அளவு காட்டும் பச்சைக் கோடு குதிக்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கதைதான். ஸ்பீக்கரே கம்பெனியில் இருந்து செத்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அப்படியென்றால் கடைக்குத் திருப்பிக் கொடுத்து, அவர்கள் சென்னைக்கு அனுப்பி, மாற்றி வர வாரக்கணக்கில் ஆகும். இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே ஜனார்த்தனன் கேட்டுவிட்டார். "வரலையா மேடம்?"

"வேற நாள் கேட்டுப் பாக்கலாமா தம்பி?"

"கேட்டா குடுப்பாரு. ஆனா நாளைக்கி நான் போகலன்னா, இவனால முடியாதுன்னு அவரு நெனச்சதுதான் சரின்னு ஆயிரும்."

நான் எழுந்து வாசலுக்குப் போய் பிச்சைமணி சாருக்குப் போன் போட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பதே அபூர்வம். செய்ததை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கடைசி வரை கேட்டார்.

"வரிசை சரிதான் பாக்கியம். பெட்டியப் பிரிச்சது யாரு?"

"அவங்க அம்மா சார்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவங்ககிட்ட என்னத்த சார் கேக்குறது? அவங்க கம்ப்யூட்டரத் தொட்டதே இல்ல."

"தொடாம எப்படிப் பிரிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவர் மட்டும் எதிரே இருந்திருந்தால் அன்றைக்கு நிச்சயம் சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் உள்ளே போய் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். குடித்தேன். "இந்த லேப்டாப் வந்த அன்னைக்கி என்னக்கா செஞ்சீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன்.

சரோஜா அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு நாளில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "பிரிச்சதும் சாமி படத்துக்கு முன்னாடி வச்சோம்மா. சந்தனம் வச்சா கறையாயிரும்னு தம்பி வேணாம்னுச்சு. குங்குமமும் வேணாம்னுச்சு. பூ வைக்காம ஒரு மெசின ஓட விடுவோமா? பூ மட்டும் வச்சேன்."

"எங்கக்கா வச்சீங்க?"

"மேல வச்சா வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. முன்பக்கம் ரெண்டு ஓட்ட இருந்துச்சில்ல, அதுல ஒண்ணுல மரிக்கொழுந்த நல்லாச் சொருகி வச்சேன். தறிக்கும் நாங்க அப்படித்தாம்மா சட்டத்து ஓட்டையில சொருகுவோம். விளக்கு வைக்கிறப்ப எடுத்துட்டேன். கொஞ்சம் ஒடிஞ்சாப்ல…"

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹெட்போன் செருகும் ஓட்டைக்குள், அடியில், மரிக்கொழுந்துத் தண்டு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தது.

அந்த ஓட்டைக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். ஹெட்போனைச் செருகினால் அந்தத் தகடு நகரும், உடனே மெஷின் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனுக்கு மட்டும் சத்தத்தை அனுப்பும். இங்கே தண்டு போய்த் தகட்டை நகர்த்திவிட்டது. டிரைவர் போட்ட நேரத்தில் இருந்து அந்த லேப்டாப் மரிக்கொழுந்துக்கு மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. என் கையில் ஒரு ஹெட்போன் இருந்து அதைச் செருகிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். எங்கள் பையில் அந்தக் காலத்தில் அது கிடையாது, அவர் லேபில் மாட்டிப் பழகியதும் கல்லூரிக்குச் சொந்தமானது.

சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மகனிடம் அவர்கள் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னார். மகன் ஒற்றை வரியில் பதில் சொன்னார். அந்த அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். "என்ன தம்பி சொன்னீங்க?" என்றேன். "நல்லவேள, மாலை போடலன்னு சொன்னேன் மேடம்."

எடுப்பது லேசான வேலையாக இல்லை. என் ஸ்க்ரூடிரைவர் தடிமன், இடுக்கியை விட்டால் தண்டு இன்னும் உள்ளே போனது. சரோஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், தறியில் அறுந்த இழையை இழுத்துக் கோக்கும் மெல்லிய கொக்கியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். லேப்டாப்பை அணைத்தேன், பேட்டரியைக் கழற்றினேன், கொக்கியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்களே எடுங்கக்கா. எனக்கு இது பிடிக்கத் தெரியாது."

"வேணாம்மா, மறுபடி என்னமாச்சும் ஆயிட்டா?"

"தறியில தெனமும் இழுக்குறீங்கல்ல, அதே மாதிரிதான்க்கா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கியை உள்ளே விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்தார். அரிசி நீளத்துக்கு ஒரு துண்டு வந்தது. தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியை மாட்டி மெஷினைப் போட்டேன். கரண்ட் இன்னும் வரவில்லை, தறிகள் நின்றே இருந்தன. எக்ஸ்பி எழுந்து, அதன் அந்தச் சின்ன இசை அந்த முன்னறையில் கேட்டது. ஜனார்த்தனன் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து அவருடைய சிடியைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்தது. "யாரு இது?" என்று சரோஜா அக்கா திடுக்கிட்டுக் கேட்டார். ஜனார்த்தனன் என்னை, "கொஞ்சம் எந்திரிங்க மேடம்" என்றார். நாற்காலியைக் கொடுத்தேன். அதுவரை என் விரலைத் தொட்டுத் தொட்டு எந்தப் பட்டன் எங்கே என்று கேட்டவர், அதற்கப்புறம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. விரல் பறந்தது. நான் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது, சொல்வதில் வெட்கமில்லை. அதுவரை நூற்றுக்கணக்கான மெஷின்களுக்கு விண்டோஸ் போட்டிருக்கிறேன், எதற்காகப் போடுகிறேன் என்பது அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "ஒரு மாசம் வந்து பாரு, அப்புறம் சொல்றேன்னுருக்காரு மேடம்." சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு மாதம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பிச்சைமணி சாரிடம் சொல்லிப் புலம்பினேன். "மெஷின் ஓடுதுல்ல? மிச்சத்த அந்தத் தம்பி பாத்துக்கிருவாரு" என்றார்.

அதற்கப்புறம் செல்லூர்ப் பக்கம் எனக்கு வேலை விழவில்லை. அந்த ஒரு மாதம் தாண்டி இன்னும் சில மாதங்களும் போயிருக்கும். கப்பலூரில் இருந்து ஒரு கம்ப்ளைன்ட் வந்தது. "லேப்டாப்பில் டிஸ்ப்ளே வரவில்லை, அவசரம்." ஃபேக்டரி பெயரைப் பார்த்ததும் நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "காலையில ஒரு மெயிலக் காட்டுப்பான்னு ஜனார்த்தனன் ரூமுக்குப் போறேன்மா. கரண்டு போன மாதிரி இருட்டா இருக்கு ஸ்கிரீன். எப்ப இருந்துப்பா இப்படின்னு கேட்டா, 'அப்படியா சார், தெரியலயே'ங்கிறாரு. எத்தன நாளா இப்படி இருக்கோ! தெனமும் மெயில் போகுது, பதில் வருது, சரக்குப் போகுது. எங்க யாருக்கும் தெரியல. அவருக்கு வேணாம்மா, எனக்காகச் சரி பண்ணிக் குடுங்க."

உள்ளே போனேன். ஜனார்த்தனன் அதே லேப்டாப்பின் முன்னால் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். திரை கரிக்கட்டையாக இருந்தது. நான் பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டு ஒரு பக்க ஹெட்போனை மட்டும் விலக்கினார்.

"யாரு?"

"பாக்கியம், தம்பி. லேப்டாப் ரிப்பேர்னு வரச் சொன்னாங்க."

முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "வாங்க மேடம், வாங்க! ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்லயே, நல்லா ஓடுதே. இந்த ஒரு மெயில அனுப்பிட்டுத் தாரேன், அது வரைக்கும் கொஞ்சம் உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நான் உட்கார்ந்து காத்திருந்தேன்.